முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது: அல்லா புகச்சோவாவின் திரைவாழ்க்கையைப் புரிந்துகொள்ள

ரஷ்யப் பாப் பாடகி அல்லா புகச்சோவா 2022 செப்டம்பரில் தன் நாட்டு அரசை நோக்கி வெளிப்படையாகப் பேசியது முதல், அவர் பெயர் தமிழ்ச் செய்திகளிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஓரிடத்தில் அவர் 'பாடகி' என்று மட்டும் குறிக்கப்படுகிறார். இன்னோரிடத்தில், சோவியத் ஒன்றியத்தின் பெரிய திரைப்பட இதழ் ஒன்றின் வாசகர்கள் அவரை ஆண்டின் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வருகிறது. அவர் முதன்மை வேடம் ஏற்ற திரைப்படங்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். ஆனாலும் ரஷ்யாவில் ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி ஒளிபரப்பாகும் மிகப் பிரபலமான படத்தில் அவர் இருக்கிறார். அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

இவற்றில் எதுவும் பிழையான செய்தி அன்று. திரையில் ஒருவர் இருப்பது என்றால் என்ன என்பதைச் சோவியத் சினிமாவும் சோவியத் தொலைக்காட்சியும் வெவ்வேறு விதமாக வரையறுத்து வைத்திருந்தன. புகச்சோவா அந்த எல்லா வரையறைகளுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தவர். முதலில் முகமில்லாத குரலாக, பிறகு ஒரு கதாபாத்திரமாக, கடைசியில் அல்லா புகச்சோவாவாகவே. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் விலகிவிடும்.

அடிப்படை: எஸ்த்ராதா, சினிமா, தொலைக்காட்சி

சோவியத் நாட்டில் 'பாப் இசை' என்ற பெயரில் தனித் தொழில் எதுவும் இல்லை. இருந்தது 'எஸ்த்ராதா'. மேடை என்பதே அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். மெல்லிசைப் பாடகர், நகைச்சுவைத் தனியுரை நிகழ்த்துபவர், வித்தைக்காரர், நடனக் குழு என எல்லோரும் இந்த ஒரே கூரைக்கு அடியில் வந்தார்கள். ஒரு பாடகர் எந்த ஊரில் எத்தனை நிகழ்ச்சி நடத்தலாம், ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு ஊதியம் பெறலாம் என்பதை அரசு அமைப்புகள் தரவரிசை வைத்து முடிவு செய்தன. இசைத்தட்டு வெளியிட ஒரே அரசு நிறுவனம்தான் இருந்தது: 'மெலோதியா'.

சினிமாவின் அமைப்பு வேறு. மாஸ்கோவின் 'மோஸ்ஃபில்ம்' போன்ற அரசு ஸ்டுடியோக்கள் படம் எடுத்தன. அரசின் விநியோக அமைப்பு அவற்றைத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. படத்தின் வெற்றி பணத்தில் கணக்கிடப்படவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள், அதாவது எத்தனை டிக்கெட்டுகள் விற்றன என்ற எண்ணிக்கையே அளவுகோல். ஆகவே கீழே 'பார்வையாளர்கள்' என்று வரும் இடத்தில் விற்ற டிக்கெட்டுகள் என்றே கொள்ள வேண்டும். ஒரே ஆள் மூன்று முறை பார்த்திருந்தால் அது மூன்றாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

மூன்றாவது, மத்தியத் தொலைக்காட்சி. 1970களில் இதன் கை வேகமாக ஓங்கியது. 1970 முதல் 1985 வரை இதை நிர்வகித்த செர்கேய் லாப்பின், தாடி, நீளமுடி, மிகையான அங்க அசைவு எதையும் திரையில் சகிக்காதவர் என்று பெயரெடுத்தவர். பாடகர் நேராக நின்று, கையைப் பெரிதாக வீசாமல், உடையில் அடக்கத்தோடு பாட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஆண்டு முழுவதும் இப்படி இறுகிக் கிடந்த திரை புத்தாண்டு இரவில் மட்டும் சற்றுத் தளரும். அந்த இரவின் நிகழ்ச்சிகளில் இடம்பிடிப்பது ஒரு பாடகருக்குப் பல ஆண்டு மேடைக் கச்சேரிகளுக்குச் சமம்.

புகச்சோவாவின் திரைவாழ்க்கை இந்த மூன்று அமைப்புகளுக்கும் இடையிலான பாதையில் நடந்தது. அந்தப் பாதையில் அவர் முதலில் நுழைந்த வாசல், நம் வாசகர்களுக்கு நன்கு பழகிய பின்னணிப் பாடல்.

முதல் நிலை: முகமில்லாத குரல்

1949 ஏப்ரல் 15 அன்று மாஸ்கோவில் பிறந்த புகச்சோவா, இசைக் கல்லூரியில் சேர்ந்திசை நடத்துநராகப் பயிற்சி பெற்றவர். 1965இல், பதினாறு வயதில், காலை நேர வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக 'ரோபோ' என்ற பாடலைப் பதிவு செய்தார். அடுத்த பத்தாண்டுகள் சிறு குழுக்களோடு ஊர் ஊராகப் பாடியலைந்த காலம். பெரும்பாலானோருக்கு அவர் முகம் தெரியாத அந்தக் காலத்திலேயே அவருடைய குரல் திரைக்கு வந்துவிட்டது.

பாவெல் அர்சேனவ் இயக்கி 1969இல் உருவான 'மான் அரசன்' என்ற இசைப்படத்தில் நாயகியாக நடித்தவர் வாலென்தினா மல்யாவினா. பாடியது இருபது வயதுப் புகச்சோவா. இசையமைப்பாளர் மிக்காயெல் தரிவெர்தியெவ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஆறாண்டுகள் கழித்து அவரே புகச்சோவாவை இன்னொரு படத்துக்கு அழைத்தார்.

அந்தப் படம் எல்தார் ரியாசானவ் இயக்கிய 'விதியின் கேலி, அல்லது குளியல் இதமாகட்டும்!'. மத்தியத் தொலைக்காட்சிக்காக இரு பகுதிகளாக எடுக்கப்பட்டு 1976 ஜனவரி 1 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் மீண்டும் கேட்டதால் அடுத்த மாதமே மறுபடியும் போட்டார்கள். கதை எளியது. மாஸ்கோவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் புத்தாண்டுக்கு முன் நண்பர்களோடு குளியலகத்தில் குடித்துவிட்டு, தவறுதலாக லெனின்கிராது விமானத்தில் ஏற்றப்படுகிறார். அங்கும் அதே தெருப்பெயர், அதே மாதிரிக் கட்டடம், அதே கதவெண். அவர் சாவி கூடப் பொருந்திவிடுகிறது. அந்த வீட்டில் வசிப்பவர் நாத்யா என்ற ஆசிரியை.

இந்த நாத்யாவைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அவர் முகம் போலந்து நடிகை பார்பரா பிரில்ஸ்காவினுடையது. பிரில்ஸ்கா பேசிய ரஷ்ய மொழியில் போலந்துச் சாயல் இருந்ததால், நாத்யாவின் வசனங்களைப் பேசியவர் வாலென்தினா தலீசினா. நாத்யாவின் தோழிகளில் ஒருத்தியாக அவரும் அதே படத்தில் முகம் காட்டுகிறார். நாத்யா கிதாரை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு பாடத் தொடங்கியதும் மூன்றாவது பெண் உள்ளே வருகிறார்: அல்லா புகச்சோவா. ஒரே கதாபாத்திரம், மூன்று பெண்கள். வசனம் முடிந்து பாட்டுத் தொடங்கும் நொடியில் குரல் கைமாறுவதைத் தெரிந்தவர்கள் கேட்டுப் பிடித்துவிடலாம். தெரியாதவர்களுக்கு அது ஒரே பெண்ணின் மூச்சாகவே கேட்கும்.

இந்தப் படத்தில் புகச்சோவா பாடியவை எஸ்த்ராதாப் பாடல்கள் இல்லை என்பது முக்கியம். மரீனா ஸ்வெதாயெவா, பெல்லா அக்மதூலினா போன்றோரின் கவிதைகளைத் தரிவெர்தியெவ் கிதாரோடு சேர்த்துத் தாழ்ந்த குரலில் பாடத்தக்க பாடல்களாக்கியிருந்தார். ஸ்வெதாயெவா நாடுகடந்து வாழ்ந்து, திரும்பி வந்து, 1941இல் தற்கொலை செய்துகொண்டவர். நெடுங்காலம் அச்சில் அரிதாகவே கிடைத்தவர். அவருடைய வரிகளைக் கோடிக்கணக்கான வீடுகள் முதலில் கேட்டது இந்தப் படத்தின் வழியாகத்தான். ஒரு கவிஞரைத் தன் நாட்டு மக்களிடம் திருப்பிக் கொண்டுசேர்த்த குரல் என்ற ஒன்றுக்காகவே, இந்தப் பெயரில்லாத பணியைப் புகச்சோவாவின் திரைவாழ்க்கையில் தலையாயதாக வைக்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பெயரில்லாத பணி என்று சொல்லக் காரணம் உண்டு. பெயர்ப்பட்டியலில் புகச்சோவா இல்லை, தலீசினா இல்லை, நாயகனுக்காகப் பாடிய செர்கேய் நிகீதினும் இல்லை. 1977இல் இந்தப் படத்துக்குச் சோவியத் அரசுப் பரிசு வழங்கப்பட்டபோது இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், நாயகன், நாயகி ஆகியோர் அதைப் பெற்றார்கள். நாத்யாவின் மூன்று பெண்களில் பரிசு பெற்றது முகம் மட்டுமே. பின்னணிப் பாடகர்களைத் தனிப்பெரும் நட்சத்திரங்களாகக் கொண்டாடிப் பழகிய நமக்கு இது அநியாயமாகத் தோன்றும். பாடியவர் யார் என்று சொன்னால் கதாபாத்திரத்தின் மாயை கலைந்துவிடும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது.

இரண்டு குரல்கள், ஒரே ஆண்டு

அந்தப் பெயர் இல்லாமற்போனதன் விசித்திரம், அதே 1975ஆம் ஆண்டில் இன்னொரு பக்கம் நடந்ததோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். அந்த ஆண்டு பல்கேரியாவில் நடந்த 'தங்க ஒர்ஃபியஸ்' பாடல் போட்டியில் புகச்சோவா முதற்பெரும் பரிசு பெற்றார். பாடியது 'ஆர்லெக்கினோ'. பல்கேரியரான எமில் திமித்ரவின் மெட்டு. சிரிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட கோமாளியின் வலியைச் சொல்லும் பாடல்.

மேடையில் அவர் அதைப் பாடவில்லை, நடித்தார் என்பதே சரி. நூலில் கட்டிய பொம்மையைப் போலக் கைகள் மடங்கித் தொங்கின. வரிகளுக்கு இடையே கோமாளியின் சிரிப்பு வெடித்து, அடுத்த வரியில் அழுகையின் விளிம்புக்குப் போய் நின்றது. நேராக நின்று பாடும் சோவியத் பாடகிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது அதிர்ச்சி. அதே ஆண்டு நாத்யாவுக்காகப் பதிவான குரலோ வீட்டு அறையைத் தாண்டாத மென்மை கொண்டது. இரண்டும் ஒருவருடையவை என்று நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

இதிலிருந்து பிற்காலத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது. மூன்று நான்கு நிமிடப் பாடலுக்குள் ஒரு முழுப் பாத்திரத்தைக் கட்டி எழுப்பி இடித்துவிடும் திறமை அவரிடம் இருந்தது. அப்படிப்பட்டவரை ஒன்றரை மணி நேரக் கதைக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று ஸ்டுடியோக்கள் கேட்கத் தொடங்கின.

இரண்டாம் நிலை: 'பாடுகிற பெண்'

மோஸ்ஃபில்மில் அலெக்சாந்தர் ஓர்லவ் இயக்கிய இப்படம் 1978இல் எடுக்கப்பட்டு 1979இல் திரையரங்குகளுக்கு வந்தது. முதலில் இதற்கு 'மூன்றாவது காதல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புகச்சோவாவின் வேடம் ஆன்னா ஸ்த்ரெல்த்சோவா என்ற பாடகி. மேடையில் அவர் வளர வளர வீட்டில் மணவாழ்க்கை உடைகிறது, எஞ்சுவது பாட்டு. கதாபாத்திரத்தின் பெயரை மாற்றியிருந்தாலும், பார்த்த எவரும் அதைப் புகச்சோவாவின் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். பெயரின் முதலெழுத்துக்கூட ஒன்றுதான்.

இந்தப் படத்தைப் பற்றி மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

1. எண்ணிக்கை. படத்தின் பார்வையாளர்கள் 5 கோடியே 49 லட்சம். 1979 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்தவர்கள் 26 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேல். குழந்தை முதல் கிழவர் வரை ஐந்து பேருக்கு ஒரு டிக்கெட் என்ற விகிதம். விறுவிறுப்போ துப்பறியும் முடிச்சோ இல்லாத, ஒரு பெண்ணின் தொழிலையும் தனிமையையும் மட்டும் பேசும் படத்துக்கு இது அசாதாரணமானது.

2. நடிகைப் பட்டம். 'சோவெத்ஸ்கி எக்ரான்' என்ற திரைப்பட இதழ் ஆண்டுதோறும் வாசகர்களிடம் கருத்துக்கேட்பு நடத்தும். 1979ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகையாக வாசகர்கள் புகச்சோவாவைத் தேர்ந்தெடுத்தார்கள். விமர்சகர்களோ படத்தை ஏற்கவில்லை. கதை மெலிந்தது, பாடல்களைக் கோத்த கயிறு மாத்திரம் என்பது அவர்கள் தரப்பு. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு என்றாலும் அவர்கள் அளந்தது ஒன்றையே அன்று. விமர்சகர் அளந்தது பாத்திரப் படைப்பு. வாசகர் அளந்தது, அண்மைக் காட்சியில் கேமராவுக்கு முன் எதையும் மறைக்காமல் நிற்கும் ஒரு பெண்முகம் தங்களுக்குள் கிளப்பிய உணர்வு. வேலைக்கும் போய் வீட்டையும் சுமந்த சோவியத் பெண்களுக்கு, இரண்டில் ஒன்றைக் கைவிட நேர்ந்த ஆன்னாவின் கதை வெகு அருகில் இருந்தது. அந்த வாக்குகளை வெறும் ரசிகர் மோகம் என்று ஒதுக்குவது அவர்களை அவமதிப்பதாகும்.

3. பரீஸ் கர்பனோஸ். இது படத்துக்கு வெளியே நடந்தது; ஆனால் சோவியத் கலை அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று கிடையாது. படத்தின் இசையமைப்பாளர் அலெக்சாந்தர் சாட்சேபின். அதற்குள் புகச்சோவா தானே மெட்டமைக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் இசையமைப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத ஒரு பாடகியின் மெட்டு, படைப்புகளைப் பரிசீலித்து அனுமதி தரும் கலை மன்றங்களைத் தாண்டிப் படத்தில் இடம்பெறுவது எளிதன்று. எனவே பரீஸ் கர்பனோஸ் என்ற பெயரில் ஒரு இளைஞரை அவர் படைத்தார். மாஸ்கோவை அடுத்த லியூபெர்த்சியில் வசிப்பவர், உடல் முடங்கிப் படுக்கையில் கிடப்பவர், திறமைசாலி, உதவி தேவைப்படுபவர் என்று அந்த இளைஞருக்கு ஒரு வாழ்க்கை வரலாறும் உண்டானது. புகச்சோவா மீசை ஒட்டி ஆண் வேடம் போட்டு எடுத்துக்கொண்ட 'கர்பனோஸின்' புகைப்படம் கூட இருக்கிறது. கவிஞர் கைசின் குலியெவின் வரிகளுக்கு அமைந்த படத்தலைப்புப் பாடலும், சாமுயில் மர்ஷாக் மொழிபெயர்த்த ஷேக்ஸ்பியரின் 90ஆம் சானெட்டுக்கு (பதினான்கு வரிக் கவிதை) அமைந்த பாடலும் கர்பனோஸ் பெயரில் வந்தவை. உண்மை வெளிவந்ததும் சாட்சேபின் ஏமாற்றப்பட்டதாகக் கருதினார்; பல வெற்றிப் பாடல்கள் தந்த அந்தக் கூட்டணி உடைந்தது.

சாட்சேபினின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே சமயம், படத்தில் இன்றும் நிற்கும் பாடல்களில் கணிசமானவை அந்த இல்லாத இளைஞனின் பெயரில் வந்தவையே. விதியின் கேலியில் குரலுக்குப் பெயர் கிடைக்கவில்லை; இங்கே முகத்துக்குப் பெயர் கிடைத்தது, மெட்டுக்குக் கிடைக்கவில்லை. தன் உழைப்பு முழுவதையும் ஒரே பெயரின் கீழ் திரையில் பார்க்க அவர் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நின்றுபோன படமும் அது பெற்ற மறுபிறவியும்

புகச்சோவாவின் இரண்டாம் கணவர் அலெக்சாந்தர் ஸ்தெஃபனோவிச் திரைப்பட இயக்குநர். புகச்சோவாவை மையமாக வைத்து 'ரெசித்தல்' என்ற படத்தை அவர் தொடங்கினார்; தனி ஒருவரின் முழுநீளக் கச்சேரியைக் குறிக்கும் சொல் அது. 1980களின் தொடக்கத்தில் மணவாழ்க்கை முறிந்தது, படமும் நின்றது.

பின்னர் ஸ்தெஃபனோவிச் 'ஆன்மா' என்ற இசைப்படத்தை எடுத்தார். நாயகியானவர் சோஃபியா ரோத்தாரு, அன்றைய எஸ்த்ராதாவில் புகச்சோவாவுக்கு இணையாகப் பேசப்பட்டவர். 'மஷீனா வ்ரேமெனி' ராக் குழுவும் நடிகர்கள் மிக்காயில் பயார்ஸ்கியும் ரொலான் பீகவும் அதில் இருந்தார்கள். தொண்டை நோயால் குரலை இழக்கும் ஆபத்தில் இருக்கும் பாடகி தொடர்ந்து பாடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதே கதை. ரோத்தாருவும் உண்மையில் அத்தகைய நோயோடு போராடியவர் என்பதால் அவர் நடிப்பில் ஒரு நேர்மை தெரிந்தது. 'பாடுகிற பெண்' ஏற்படுத்திய அச்சு, அதாவது பாடகி தன்னையே ஒத்த பாடகியாக நடிப்பது, இன்னொருவருக்கும் பொருந்தியதை இது காட்டுகிறது.

மூன்றாம் நிலை: அல்லா புகச்சோவாவாக அல்லா புகச்சோவா

நவூம் அர்தாஷ்னிகவ் இயக்கி 1985இல் வந்த 'வந்தேன், பேசுகிறேன்' திரைப்படத்தில் மாற்றுப்பெயர் இல்லை, கற்பனைப் பாடகி இல்லை. கச்சேரிக் காட்சிகள், பாடல்களுக்கென்று எடுத்த தனிக் காட்சிகள், ஒத்திகையின் துணுக்குகள் என்று படம் நகர்கிறது. திரையில் இருப்பவர் புகச்சோவாவே. தலைப்புப் பாடலின் வரிகள் பெல்லா அக்மதூலினாவின் கவிதையிலிருந்து வந்தவை. பத்தாண்டுகளுக்கு முன் நாத்யாவின் முகத்துக்குப் பின்னால் நின்று அக்மதூலினாவைப் பாடியவர், இப்போது அதே கவிஞரின் சொற்களைத் தன் முகத்தோடும் பெயரோடும் பாடுகிறார். அவருடைய திரைவாழ்க்கை நடந்த தூரத்தை இந்த இரு பாடல்களுக்கு நடுவே அளக்கலாம்.

ஆனால் இந்த மூன்றாம் நிலை உண்மையில் திரையரங்கைவிடத் தொலைக்காட்சியில்தான் செழித்தது. 1983 ஜனவரி தொடக்கத்தில் ஒளிபரப்பான புத்தாண்டுச் சர்க்கஸ் நிகழ்ச்சியை மாயவித்தைக் கலைஞர் இகோர் கியோவோடு சேர்ந்து அவர் தொகுத்து வழங்கினார். அதில்தான் 'பத்து லட்சம் செந்நிற ரோஜாக்கள்' பாடல் நாடு முழுவதையும் சென்றடைந்தது. லாத்வியரான ரைமொண்ட்ஸ் பவுல்ஸின் மெட்டு. முதலில் லாத்விய மொழியில் முற்றிலும் வேறு பொருளுள்ள வரிகளோடு பாடப்பட்டது. அதற்கு ரஷ்ய வரிகள் எழுதியவர் ஆந்திரேய் வஸ்னெசேன்ஸ்கி. ஒரு நடிகையின் மேல் கொண்ட காதலால் வீடு வாசலை விற்றுப் பூக்கள் வாங்கி அவள் சன்னலுக்குக் கீழே பரப்பிய ஏழை ஓவியனின் கதை.

அந்தப் பாடலை அவர் தரையில் நின்று பாடவில்லை. சர்க்கஸ் குவிமாடத்தின் அடியில், அந்தரத்தில் தொங்கும் ஊஞ்சலில் அமர்ந்து பாடினார். கதையில் பூக்களை மேலிருந்து பார்ப்பவள் நடிகை. திரையிலும் கூட்டத்தை மேலிருந்து பார்த்தவர் பாடகி. ஒரு பாடல், ஒரு ஊஞ்சல், சில நிமிடங்கள். முழுநீளப் படங்கள் செய்ய முயன்றதை அந்தக் காட்சி செய்து முடித்தது. நேராக நிற்க வேண்டும் என்று விதி போட்ட அதே தொலைக்காட்சியில், அதே லாப்பின் பதவியில் இருக்கும்போது.

1988இல் தொடங்கிய 'கிறிஸ்துமஸ் சந்திப்புகள்' என்ற தொடர் நிகழ்ச்சியில் அவர் தன் காட்சியைத் தானே வடிவமைப்பவராகவும் இளையவர்களை அறிமுகம் செய்பவராகவும் ஆனார். 1997இல் டப்ளினில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாடல் போட்டியில் பாடி 15ஆம் இடம் பெற்றது, 2004இல் 'நட்சத்திரத் தொழிற்சாலை' என்ற போட்டி நிகழ்ச்சியின் ஐந்தாம் சுற்றை வழிநடத்தியது ஆகியவை இதே வரிசையில் வருபவை.

பிறரை நடிக்க வந்தபோது

தன்னைப் போன்றவரல்லாத ஒருவரை அவர் ஏற்று நடித்த குறிப்பிடத்தக்க சந்தர்ப்பம், 2003இல் மாக்சிம் பப்பேர்னிக் இயக்கிய 'இரண்டு முயல்களைத் துரத்தி' என்ற தொலைக்காட்சி இசைப்படம். உக்ரைனிய நாடகாசிரியர் மிக்கைலோ ஸ்தாரித்ஸ்கியின் புகழ்பெற்ற நகைச்சுவை நாடகம் அதன் மூலம். பணத்துக்காகத் தன்னை மணக்க வரும் ஏமாற்றுக்காரனை நம்பும் ப்ரோன்யா என்ற பெண்ணாகப் புகச்சோவாவும், அந்த ஏமாற்றுக்காரனாக நகைச்சுவைக் கலைஞர் மாக்சிம் கால்கினும் நடித்தார்கள். 1961இல் வந்த பழைய படத்தில் மார்கரீத்தா கிரினித்சினா ப்ரோன்யாவை அழியாத உருவமாக்கி வைத்திருந்ததால் ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. பார்வையாளர்களோ ப்ரோன்யாவைப் பார்க்காமல் புகச்சோவாவையும் கால்கினையும் பார்த்தார்கள். அவ்விருவரும் பிற்பாடு, 2011இல், மணந்துகொண்டார்கள். தானாகவே இருப்பதில் இவ்வளவு வெற்றி பெற்ற ஒருவருக்கு, இன்னொருவராக மாறுவது கடினம் என்பதற்கு இந்தப் படம் சான்று.

இதற்கு நேர்மாறான உதாரணம் அவர் வீட்டிலேயே இருக்கிறது. மகள் கிறிஸ்தினா ஓர்பகாய்தே பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில் ரொலான் பீகவ் இயக்கிய 'சோளக்கொல்லைப் பொம்மை' படத்தில், சக மாணவர்களால் வேட்டையாடப்படும் சிறுமியாக நடித்தார். அங்கே எந்த நட்சத்திரத்தின் நிழலும் விழவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிவது லேனா என்ற சிறுமி மட்டுமே. தாயும் மகளும் சேர்ந்து 2007இல் ஒரு பாடலைப் பாடினார்கள்: 'விதியின் கேலி' படத்தின் தொடர்ச்சியாகத் திமூர் பெக்மாம்பெத்தவ் எடுத்த படத்துக்காக. முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்பு பெயரில்லாமல் ஒலித்த குரல், இம்முறை அனைவரும் அறிந்த குரலாகவே அந்தக் கதைக்குள் திரும்பி வந்தது.

2022க்குப் பிறகு: திரையில் ஒரு பெயர் என்ன ஆகும்?

இப்போது செய்திக்கு வருவோம். உக்ரைன் மீதான போரை எதிர்த்துப் பேசிய கால்கின் 2022 செப்டம்பர் 16 அன்று 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்க்கப்பட்டார். ரஷ்யச் சட்டத்தில் இந்தப் பதம், வெளிநாட்டு ஆதரவோடோ செல்வாக்கிலோ இயங்குபவர் என்று அரசு கருதுவோருக்கு இடும் முத்திரை. அதைச் சுமப்பவர் வெளியிடும் எதிலும் அந்த அறிவிப்பைச் சேர்க்க வேண்டும். பொதுவாழ்வில் பல கதவுகள் மூடும். இரண்டு நாள் கழித்துப் புகச்சோவா, தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி இன்ஸ்டாகிராமில் நீதி அமைச்சகத்தைக் கேட்டார். கணவர் நேர்மையானவர், நாட்டை நேசிப்பவர் என்றும் எழுதினார். பின்னர் குடும்பத்தோடு நாட்டுக்கு வெளியே வாழத் தொடங்கினார். 2025 செப்டம்பரில் பத்திரிகையாளர் கதெரீனா கர்தெயேவாவுக்கு அளித்த, மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்ட காணொளி நேர்காணலைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

இத்தகைய சூழலில் ஒரு கலைஞரை அரசுசார் திரையிலிருந்து விலக்குவது எப்படி நடக்கும் என்பதை மேலே பிரித்த மூன்று நிலைகளை வைத்தே யோசிக்கலாம்.

1. அவர் தானாகத் தோன்றும் நிகழ்ச்சிகளை விலக்குவது மிக எளிது. அழைக்காமல் இருந்தால் போதும். பழைய கச்சேரிப் பதிவுகளை எடுத்துப் போடாமல் இருந்தால் போதும். தொலைக்காட்சியால் உருவான பிம்பம் தொலைக்காட்சியின் தயவிலேயே இருக்கிறது.

2. அவர் நாயகியாக நடித்த படங்களை ஒளிபரப்பு அட்டவணையில் சேர்க்காமல் விடலாம். ஆனால் 5 கோடியே 49 லட்சம் டிக்கெட் விற்ற ஒரு படத்தை மக்களின் நினைவிலிருந்து எடுப்பது அட்டவணையின் கையில் இல்லை. பிரதிகள் இணையத்திலும் வீடுகளிலும் இருக்கின்றன.

3. அவர் முகமில்லாத குரலாக இருக்கும் படத்தை ஒன்றும் செய்ய முடியாது. 'விதியின் கேலி'யில் அவர் பாடல்களை வெட்டினால் நாத்யா ஊமையாகிவிடுவாள். ஒருவரையொருவர் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த இருவர் எந்த இடத்தில் மனம் மாறினார்கள் என்பதே விளங்காமல் போகும். வேறொருவரைக் கொண்டு பாட வைத்தால் முதல் வரியிலேயே நாடு முழுவதும் கண்டுபிடித்துவிடும். படத்தையே நிறுத்தினால் புத்தாண்டு புத்தாண்டாக இருக்காது.

1975இல் பெயர்ப்பட்டியலில் இடம் மறுக்கப்பட்ட பணி எதுவோ, அதுவே இன்று பிடுங்கி எறிய முடியாததாக நிற்கிறது. பட்டியலில் இல்லாத பெயரை எவராலும் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. டிசம்பர் முடிவில் ஏதோ ஒரு ரஷ்ய நகரத்தின் குடியிருப்பில், மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டும் ஆரஞ்சுப் பழங்களும் பரப்பியிருக்க, பார்பரா பிரில்ஸ்கா கிதாரை மடியில் சாய்த்து வாயசைக்கிறார். கேட்பது எவருடைய குரல் என்பது அந்த அறையில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும்.